அடையாளம் வெளிச்சத்தில் இருக்கிறது

உணவுப் புகைப்படக்காரருக்கு லோகோவும் ஒரே வண்ணமும் இருந்தால் தனி அடையாளம் வந்துவிடும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. எனக்கு உடன்பாடில்லை. பெயரைப் படிக்கும் முன்பே கண்ணில் படுவது வெளிச்சம்தான். நான் ஜன்னலோரப் பக்கவாட்டு வெளிச்சத்தில் மட்டுமே எடுக்கிறேன், அறை விளக்கை அணைத்துவிடுவேன். வெளிச்சத்தின் நிறத்தை அளக்கும் கெல்வின் கணக்கில் பகல் வெளிச்சம் சுமார் 5500, மஞ்சள் பல்பு 2700தான்; எண் கூடினால் நீலம், குறைந்தால் மஞ்சள். இரண்டும் கலந்தால் தட்டின் ஒரு பக்கம் நீலம் பாயும், மறுபக்கம் மஞ்சள் அடிக்கும்.

அப்புறம், படத்துக்காகச் சிலர் செய்வதுபோல் பாலுக்குப் பதில் பசை ஊற்றி எடுப்பதில்லை. சூப்பின் மேல் எண்ணெய்ப் பொட்டுகள் மின்னுவது கொஞ்ச நேரம்தான், ஆறினால் ஏடு படிந்துவிடும். அதனால் வெறும் கிண்ணத்தை வைத்து ஃபோகஸை முன்பே சரிசெய்துகொள்வேன். போலிப் படம் கேட்ட இரண்டு வேலைகளை விட்டிருக்கிறேன், வருத்தமில்லை.