சந்தை இல்லையாம்!

முந்தாநாள் மேடையில் அந்த விளம்பரத் துறைப் பெரியவர் சொன்னதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சென்னையில் பெண்கள் கிரிக்கெட்டுக்குச் சந்தை இல்லை என்று அவர் சிரித்தபடி சொன்னதைவிட, அதற்கு விழுந்த கைதட்டல்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

மகளிர் பிரீமியர் லீக்கின் ஐந்து அணிகள் 2023 ஜனவரியில் 4,669.99 கோடி ரூபாய்க்கு விற்கப்பட்டன. ஒளிபரப்பு உரிமை ஐந்தாண்டுக்கு 951 கோடிக்குப் போனது. அந்த ஐந்தில் சென்னை அணி இல்லை. அந்த லீக்கின் ஓர் ஆட்டம்கூட இதுவரை சேப்பாக்கத்தில் நடக்கவில்லை. கடையே திறக்காத தெருவில் நின்றுகொண்டு வியாபாரம் படுத்துவிட்டது என்று புலம்புவதற்குப் பெயர் சந்தை ஆய்வாம்.

2024 டிசம்பர் ஏலத்தில் நம் தமிழ்நாட்டுப் பெண் கமலினியை, பதினாறே வயதில், மும்பை அணி 1.60 கோடிக்கு எடுத்தது. அவர் பெயர் போட்ட ஜெர்சி வேண்டும் என்று என் மகள் அடம்பிடித்ததால் கடைக்குப் போனோம். கடைக்காரர் மேல்தட்டிலிருந்து ஒன்றை உருவி, "ரோஹித் பேர் போட்டது இருக்கு சார், சின்ன சைஸ், பாப்பாவுக்குச் சரியா இருக்கும்" என்றார். காசோடு வாசலில் நின்ற வாடிக்கையாளர்கள் நாங்கள். சந்தை இல்லை என்கிறார்கள்!

ஆட்டம் தரமாக இருந்தால் கூட்டம் தானாக வரும் என்பீர்கள். 2024 ஜூனில் இதே சேப்பாக்கத்தில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிரான டெஸ்ட்டில் ஷெஃபாலி வர்மா 205 ஓட்டங்கள் குவித்தார். இந்தியா எடுத்த 603, பெண்கள் டெஸ்ட்டில் அதுவரை எந்த அணியும் எட்டாத எண்ணிக்கை. அப்படியோர் ஆட்டம் நம் ஊரில் நடப்பதே என் அலுவலகத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது. தெரியாத ஆட்டத்துக்கு எப்படி ஐயா கூட்டம் வரும்?

லீக்கின் முதல் பருவத்தில் பெண்களுக்கு நுழைவு இலவசம், அந்தக் கூட்டத்தைக் கணக்கில் சேர்க்காதே என்பார்கள். சரி, சேர்க்கவில்லை. தனியார் பணம், அவர்கள் விருப்பம் என்பார்கள். விருப்பம்தான், போடாத முதலுக்கு நஷ்டக் கணக்கு காட்டாதீர்கள் என்றுதான் கேட்கிறேன். நம் பெண்கள் உலகக் கோப்பையை வென்ற பிறகு எல்லாரும் பேசுகிறீர்கள் என்று குத்துகிறவர்களுக்குப் பதில் கிடையாது. கோப்பையை வென்ற 2025 நவம்பர் 2 இரவு, அணியின் கேப்டன் ஹர்மன்ப்ரீத் படத்தை ஸ்டேட்டஸில் வைத்தவர்கள் அவர்களேதான்.

மகள் போகும் பயிற்சி மையத்திலும் இதே கதைதான். மாலை வலைப்பயிற்சி ஆண் பிள்ளைகளுக்கு. பெண் பிள்ளைகள் மதியம் இரண்டு மணிக்கு வர வேண்டும். ஏன் என்று கேட்டால், "பொண்ணுங்க எப்படியும் பாதியிலே நின்னுடுவாங்க சார்" என்கிறார்கள். சித்திரை மாதத்து இரண்டு மணி வெயிலில் பந்து வீசச் சொன்னால் ஆண் பிள்ளைகளும்தான் நின்றுவிடுவார்கள்.