தக்காளியை விடுங்கள், எண்ணெய் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள்

பெரிய தக்காளி, விதையில்லாத திராட்சை, ஒட்டுப் பப்பாளி, மஞ்சள் தர்பூசணி எல்லாமே மரபணு மாற்றியவை (ஜி.எம்.), வாங்காதீர்கள் என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதை நம்பிச் சந்தையில் பழத்தை ஒதுக்கிவிட்டு, அதே பையில் எந்த எண்ணெய் என்று பார்க்காமலே ஒரு லிட்டர் பாக்கெட்டை எடுத்துப் போடுகிறோம். ஜி.எம். நம் அடுப்படிக்குள் வருகிற முக்கிய வழியே அந்த எண்ணெய்தான்.

இந்தியாவில் வணிகச் சாகுபடிக்கு வந்த ஒரே ஜி.எம். பயிர் பருத்தி. காய்ப்புழுவைக் கொல்லும் பாக்டீரியா மரபணுவைச் சேர்த்த பி.டி. பருத்திக்கு 2002-ல் அனுமதி கிடைத்தது. பி.டி. கத்தரிக்காயை 2010 பிப்ரவரியில் நிறுத்தி வைத்தார்கள். டி.எம்.எச்.-11 என்ற ஜி.எம். கடுகுக்கு 2022-ல் சுற்றுச்சூழல் அனுமதி வந்தும், 2024-ல் உச்ச நீதிமன்றத்தில் இரு நீதிபதிகள் மாறுபட்ட தீர்ப்பு சொன்னார்கள், அது சாகுபடிக்கு வரவில்லை. ஆகவே நம்மூர்த் தக்காளி, கத்தரி, அரிசி, உளுந்து எதுவும் ஜி.எம். இல்லை. கவுனி அரிசிக்கு "ஜி.எம். இல்லாதது" என்று ஒட்டிக் கூடுதல் விலை கேட்டால் கொடுக்காதீர்கள். அந்த ஒட்டு இல்லாத கவுனியும் அப்படித்தான். விதையில்லாத திராட்சையும் தர்பூசணியும் வழக்கமான ஒட்டு, கலப்பு முறைகளில் வந்தவை. பழத்து ஸ்டிக்கரில் 8-ல் தொடங்கும் ஐந்திலக்க எண் ஜி.எம். என்பதையும் மறந்துவிடலாம். அந்த எண்ணைக் கடைகளில் யாரும் பயன்படுத்தவே இல்லை.

இனி எண்ணெய். மூன்றைத்தான் கவனிக்க வேண்டும்: சோயா, கனோலா (கடுகு இனத்து எண்ணெய்வித்து), பருத்திக்கொட்டை. நாம் இறக்குமதி செய்யும் சோயா எண்ணெயில் பெரும்பங்கு அர்ஜென்டினாவிலிருந்தும் பிரேசிலிலிருந்தும் வருகிறது. அங்கே விளையும் சோயா ஏறக்குறைய முழுதும் ஜி.எம். அந்த எண்ணெய் இறக்குமதிக்கு 2007-லேயே அனுமதி கொடுத்துவிட்டார்கள். பருத்திக்கொட்டை எண்ணெயோ உள்நாட்டுச் சரக்கு. பருத்தி நிலத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் பி.டி. என்பதால், கொட்டையும் அதுதான். கடலை, எள், தேங்காய், சூரியகாந்தி, தவிடு, பாமாயில் ஆறிலும் ஜி.எம். ரகம் சந்தையில் இல்லை. மீல் மேக்கரைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் உண்டு. உள்நாட்டுச் சோயாவில் செய்தது என்றால் அது ஜி.எம். கிடையாது, இங்கே ஜி.எம். சோயா பயிரிட அனுமதியே இல்லை.

பாக்கெட்டின் முன்பக்கத்துக் கடலைப் படத்தை நம்பாதீர்கள். திருப்பி, சேர்மானப் பட்டியலைப் படியுங்கள். "கலப்புச் சமையல் எண்ணெய்" என்றிருந்தால் எதில் எத்தனை விழுக்காடு என்று அங்கேயே போட்டிருக்க வேண்டும். மிக்சர், பிஸ்கட், பஃப்ஸ், மயோனைஸ் பாக்கெட்டில் "தாவர எண்ணெய்" என்ற சொல்லுக்குப் பக்கத்து அடைப்புக்குறிக்குள் பாருங்கள், சோயாவும் பருத்தியும் அங்கேதான் நிற்கும். ஐ.என்.எஸ். 322 என்ற சேர்க்கைப்பொருள் எண் லெசித்தினைக் குறிக்கும், எண்ணெயும் நீரும் பிரியாமல் வைப்பது, பெரும்பாலும் சோயாவிலிருந்து எடுப்பது. "மாடிஃபைடு ஸ்டார்ச்" வேறு விஷயம். மாவுச்சத்தை வேதிப்பொருளாலோ சூட்டாலோ மாற்றியது, மரபணுவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஜி.எம். உணவுப் பொட்டலத்தின் முகப்பில் "ஜி.எம்." என்று போட வேண்டும் என்ற விதி 2013 ஜனவரியிலிருந்தே இருக்கிறது. கடையில் அப்படி ஒரு பொட்டலத்தைத் தேடிப் பாருங்கள். டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2018-ல் 65 உணவுப் பொருள்களைச் சோதித்ததில் 21-ல் ஜி.எம். தடயம் கிடைத்தது. பெரும்பாலானவை வெளிநாட்டுப் பொருள்கள். உள்நாட்டுத் தயாரிப்பில் சிக்கியது பருத்திக்கொட்டை எண்ணெய். காசு கொடுத்து வாங்குகிறவருக்கு அதைச் சொல்லாமல் விற்பது அநியாயம், இதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். நன்றாகச் சுத்திகரித்த எண்ணெயில் மரபணுவும் புரதமும் ஏறக்குறைய மிஞ்சாது. அதனால் மரபணுச் சோதனையில் பல நேரம் ஒன்றும் தெரியாது. மரபணு மாற்றத்தால் வரும் புரதம் உடலுக்குள் போகக் கூடாது என்பது மட்டும் உங்கள் கவலையானால், ரீஃபைண்ட் எண்ணெயைவிடப் பருத்திப்பால்தான் முதலில் யோசிக்க வேண்டியது.

அதைச் சொல்லவே மனசு வலிக்கிறது, ஆனால் உண்மை. பருத்திப்பாலில் கொட்டையை ஊறவைத்து, ஆட்டி, பிழிந்து பாலை எடுக்கிறோம்; எண்ணெயைப் போல் சுத்திகரிப்பதில்லை. காய்ச்சும்போது புரதம் சிதையும், என்றாலும் மூலப்பொருள் பி.டி.தான். மாட்டுத்தீவனக் கடையில் வாங்கும் கொட்டை, பஞ்சையும் கொட்டையையும் பிரிக்கும் ஜின்னிங் மில்லிலிருந்து எல்லா ரகமும் கலந்து வருவது. கருங்கண்ணி பயிரிடும் கரிசல்காட்டு விவசாயியிடம் நேரடியாகக் கொட்டை கேளுங்கள், அது நாட்டுப் பருத்தி. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆராய்ச்சி நிலையத்து எஸ்.வி.பி.ஆர். ரகங்களும் பி.டி. அல்லாதவை. பத்து இருபது குடும்பம் சேர்ந்து மூட்டையாக வாங்கினால் பி.டி. சோதனைப் பட்டையும் வாங்கிவிடலாம். கொட்டையைத் தனித்தனியாக நசுக்கிக் கரைசலில் போட்டு, பட்டையை நட்டு வைத்தால் சில நிமிடத்தில் கோடு தெரியும்: ஒரு கோடு என்றால் பி.டி. இல்லை, இரண்டு கோடு என்றால் பி.டி. உண்டு. ஒரே ஒரு கொட்டையில் பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள், மூட்டையின் மேல், நடு, அடி மூன்றிலும் எடுங்கள். சாயம் பூசிய விதைக்கொட்டை மலிவாகக் கிடைத்தால் தொடவே தொடாதீர்கள். அது பூச்சிமருந்து ஏற்றியது. எந்தக் கொட்டையானாலும் பாலை நன்றாகக் கொதிக்கவிட வேண்டும், பருத்திக்கொட்டையில் காசிப்போல் (gossypol) என்ற நச்சு இயல்பாகவே உண்டு.

செக்கு எண்ணெய் என்று போர்டு மாட்டினால் மட்டும் போதாது. கணக்குப் போடுங்கள். ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்குச் சுமார் இரண்டரைக் கிலோ பருப்பு வேண்டும். பருப்பு கிலோ 120 ரூபாய் என்றால் பருப்புக்கே 300. புண்ணாக்கு விற்ற காசைக் கழித்து, ஆட்டுக்கூலி சேர்த்தால் 180 ரூபாய்க்கு யாராலும் சுத்தமான எண்ணெய் கொடுக்க முடியாது. சந்தேகம் வலுத்தால் பரிசோதனைக் கூடத்தில் ஹால்ஃபென் சோதனை கேளுங்கள். பருத்திக்கொட்டை எண்ணெய் கலந்திருந்தால் சிவப்பு நிறம் காட்டும், மரபணு மிஞ்சாத எண்ணெயிலும் காட்டும். அதிகச் சூட்டில் காய்ந்த எண்ணெயில் அது தவறலாம், ஆகவே பொரித்து மிஞ்சியதை அனுப்பாதீர்கள்.

கல்யாணச் சாமான் சிட்டையில் "ரீஃபைண்ட் ஆயில் 10 டின்" என்று எழுதினால் கடைக்காரர் அன்றைக்கு மலிவானதை ஏற்றி அனுப்புவார். "கடலை எண்ணெய், கலப்பில்லாதது" என்று எழுதுங்கள், டின் வந்ததும் சீல் உடைக்கும் முன் சேர்மானத்தைப் படியுங்கள். முறுக்கு, தேன்குழல், அதிரசம் வெளியே ஆர்டர் கொடுக்கும்போது எண்ணெயை நீங்களே வாங்கிக் கொடுத்துவிடுவது இன்னும் நல்லது. பலகாரம் போடும் ஆச்சிமார் பலர் அதற்குச் சம்மதிப்பார்கள், கூலியும் அதற்கேற்பக் குறையும்.

மலேசியா, சிங்கப்பூர்ச் சொந்தங்கள் பெட்டியில் கொண்டு வருவதற்கும் இதே பார்வை வேண்டும். தானியம், காய், பழமாக இறக்குமதியாகும் 24 பயிர்களுக்கு ஜி.எம். இல்லை என்ற சான்று 2021 முதல் கட்டாயம். கைப்பெட்டியில் வரும் சாக்லேட்டுக்கும் கார்ன் ஃபிளேக்ஸுக்கும் அந்தச் சான்று கிடையாது. அமெரிக்கத் தயாரிப்பு என்றால் மக்காச்சோளம், சோயா, கனோலா, பீட் சர்க்கரை நான்கையும் பட்டியலில் தேடுங்கள்.