வளையத்துக்குள் வராத வாசிப்பு

ஆய்வுக் கட்டுரைகளின் ஓரத்தில் ஒரு வண்ண வளையமும் நடுவில் ஓர் எண்ணும் இருக்கும், பார்த்திருப்பீர்கள். அந்தக் கட்டுரையைப் பற்றி இணையத்தில் எவ்வளவு பேச்சு நடந்தது என்பதற்கு ஆல்ட்மெட்ரிக் என்ற நிறுவனம் போடும் மதிப்பெண் அது. செய்தித்தளம் எழுதினால் 8, வலைப்பூவில் வந்தால் 5, விக்கிப்பீடியாவில் மேற்கோளானால் 3 என்று ஒரு கணக்கு. மற்ற துறைகளில் எப்படியோ, போதைப்பழக்கத் தடுப்பு, சிகிச்சை ஆய்வுகளுக்கு இந்த எண்ணை யாராவது பெருமையாகக் காட்டினால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

2018இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த மது ஆய்வு நினைவிருக்கிறதா? 195 நாடுகளின் தரவுகளை வைத்து, உடலுக்குக் கேடில்லாத குடி அளவு பூஜ்யம்தான் என்றது. உலகம் முழுக்கச் செய்தியானது. 'தினம் ஒரு கிளாஸ் இதயத்துக்கு நல்லது' கட்சியும் எதிர்க்கட்சியும் மாறி மாறிச் சண்டை போட்டன. முக்கியமான ஆய்வுதான், மறுக்கவில்லை. ஆனால் குடிநோயில் விழுந்துவிட்ட ஒருவருக்கு அளவு பற்றிய வாதம் எதற்கு? நால்ட்ரெக்சோன் என்று ஒரு மாத்திரை இருக்கிறது. குடிநோய்க்காக அமெரிக்காவில் 1994லேயே அனுமதி கிடைத்தது. அப்படி ஒன்று இருப்பதே தெரியாத குடும்பங்கள் இன்றும் ஏராளம். அதைப் பற்றி யார் சண்டை போடப் போகிறார்கள்?

சரி, என் கதைக்கு வருகிறேன். எனக்கு வேண்டிய ஒருவருக்காக ஒரு காலத்தில் நள்ளிரவில் உட்கார்ந்து இந்தக் கட்டுரைகளைத் தேடித் தேடிப் படித்தேன். ஒன்றைக்கூடப் பகிரவில்லை. இறக்கிய கோப்புகளுக்கு வேறு பெயர் வைத்தேன். யாராவது பார்த்தால் 'யாருக்காக?' என்று கேட்பார்களே! வாட்ஸ்அப்பில் தனியாக அனுப்பியதும், மூடிய குழுவில் பேசியதும் அந்த மதிப்பெண்ணில் சேராது. முகநூலிலும் பொதுப் பக்கங்கள் மட்டும்தான் கணக்கு. இந்த நோயில் மட்டும், உயிர் போகிற அவசரத்தில் படிக்கிறவர்தான் சத்தமே போடாமல் படிக்கிறார்.

ஒரு கட்டுரையை மற்ற ஆய்வுகள் எத்தனை முறை சுட்டின என்று எண்ணும் பழைய முறையான மேற்கோள் எண்ணிக்கை மட்டும் யோக்கியமா என்றால், அதுவும் இல்லை. 1980இல் ஒரு மருத்துவ இதழில் ஐந்தே வாக்கியங்களில் ஒரு கடிதம் வந்தது. மருத்துவமனையில் ஓபியாய்டு என்ற அபின் வகை வலிமருந்து பெற்ற நோயாளிகளில் மிகச் சிலரே அடிமையானார்கள் என்றது. 2017இல் எண்ணிப் பார்த்தபோது 608 மேற்கோள்கள். அவற்றில் 72 சதவீதம், இந்த மருந்துகளுக்கு அடிமையாவது அபூர்வம் என்பதற்கு அதைச் சான்றாகக் காட்டியவை. உள்நோயாளிகளைப் பற்றிய கடிதம் என்பதைப் பெரும்பாலானோர் சொல்லவே இல்லை. அமெரிக்காவில் அந்த மாத்திரைகள் எத்தனை பேரை அடிமையாக்கின என்பது ஊரறிந்த கதை.

எண்ணே வேண்டாம் என்று சொல்லவில்லை. அரைகுறைச் செய்தி எங்கே பரவுகிறது என்று பார்த்து, போய்த் திருத்த அது உதவும். கொள்கை ஆவணம் ஒன்றில் இடம்பெற்றிருந்தால் நானும் நின்று கவனிப்பேன். மொத்தக் கூட்டல்தான் எனக்கு ஒட்டவில்லை.

எனக்குக் கைகொடுத்தது, குடிப்பவரிடம் வீட்டார் சண்டை போடாமல் எப்படிப் பேசுவது என்ற ஒரு சின்னக் கட்டுரை. அதன் வளையம் வெறும் சாம்பல் நிறம், நடுவில் ஒரு கேள்விக்குறி. யாரும் பேசவில்லை என்று அர்த்தம். அப்புறம், இன்றுவரை நானும் அதைப் பகிரவில்லை.