வேடந்தாங்கல் ஏரியும் அதைப் பார்க்கப் போகிற நாமும்

வேடந்தாங்கல் பறவைகள் சரணாலயத்தில் பார்வையாளர் வசதிகளைப் பெருக்க வேண்டும் என்ற கோரிக்கை ஒவ்வொரு பருவத்திலும் எழுகிறது. மக்கள் அங்கே போக வேண்டும், பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்ட வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் அந்த இடத்துக்காகச் செலவிடும் பணம் முதலில் ஏரிக்கு நீர் கொண்டுவரும் வரத்துக் கால்வாய்க்கும் மரங்களுக்கும் போய்ச் சேர வேண்டும், பூங்காவும் அலங்கார வளைவும் அதற்குப் பிறகே என்று உறுதியாக நம்புகிறேன்.

சரணாலயம் என்று நாம் சொல்வது ஏறக்குறைய 30 ஹெக்டேர் பரப்புள்ள ஒரு பாசன ஏரியைத்தான். வடகிழக்குப் பருவமழையில் அது நிரம்பினால், நீருக்குள் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களையும் கருவேல மரங்களையும் சுற்றிக் கோட்டை அகழி போலத் தண்ணீர் சூழ்ந்துகொள்ளும். நாயோ பூனையோ மனிதரோ கூட்டை நெருங்க முடியாது. அந்தத் துணிவில்தான் நத்தைக்குத்தி நாரையும் கூழைக்கடாவும் நீர்க்காகமும் ஒரே மரத்தில் அடுக்கடுக்காகக் கூடு கட்டுகின்றன. குஞ்சுகள் பறக்கும் முன்பே நீர் வற்றிவிட்டால் அந்தப் பருவமே வீணாகிவிடும். ஆகவே வரத்துக் கால்வாயில் ஓரிடத்தில் மண் சரிந்து அடைத்துக்கொண்டிருப்பது, காட்சிக் கோபுரத்துக்கு வண்ணம் பூசாததைவிடப் பல மடங்கு பெரிய குறை.

தூர் வாருவதிலும் நிதானம் தேவை. மற்ற ஏரிகளைப் போல இயந்திரத்தை இறக்கி ஒரே ஆழத்துக்குத் தோண்டினால் மரங்களின் வேர் பிடிமானம் போய்விடும்; கால் நனைத்து இரை தேடும் பறவைகளுக்கு வேண்டிய ஆழமற்ற விளிம்புகளும் மறைந்துவிடும். ஆண்டுதோறும் விழும் பறவை எச்சத்தால் முதிய மரங்கள் பட்டுப்போவதும் உண்டு. இன்று மண் திட்டுகளில் நடும் கன்று கூட்டைத் தாங்கும் கிளை விடப் பல ஆண்டுகள் ஆகும் என்பதால், மரம் சாய்ந்த பிறகு நடுவதில் பயனில்லை.

இரை பெரும்பாலும் ஏரிக்கு வெளியேதான் கிடைக்கிறது. நத்தைக்குத்தி நாரை நத்தை பொறுக்குவது சுற்றுவட்டார வயல்களிலும் சிற்றேரிகளிலும். கூட்டிலோ, நண்பகல் வெயிலில் ஒரு நாரை இறக்கைகளை அகல விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் தந்தபடி அசையாமல் நின்றுகொண்டிருக்கும். அதன் இணை இரையோடு திரும்பும்வரை அதற்கு வேறு வேலை இல்லை. 1998 அறிவிக்கையின்படி ஏரியைச் சுற்றி 5 கி.மீ. வரை பாதுகாப்பு எல்லை விரிவது இதனால்தான் பொருளுள்ளதாகிறது. 2020இல் அதைச் சுருக்கும் முன்மொழிவு வந்தபோது எழுந்த எதிர்ப்பு முற்றிலும் நியாயமானது. 2022இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சார் தகுதி பெற்ற பிறகும் இந்த எல்லையைப் பற்றிய விழிப்பு குறையக் கூடாது.

பறவைகளைச் சுட வேண்டாம் என்று ஊர் மக்கள் கேட்டுக்கொண்டு, 1798இல் ஆங்கிலேய ஆட்சியரிடம் எழுத்து மூலம் உறுதி பெற்ற ஊர் இது. எச்சம் கலந்த ஏரி நீர் தங்கள் நெல்லுக்கு உரம் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். அந்தப் பயன் இன்றும் தொடர வேண்டுமானால், நுழைவுக் கட்டணத்தில் ஒரு பங்கு ஊராட்சிக்கும், இந்த ஏரியில் பாசனம் பெறும் ஆயக்கட்டு விவசாயிகளுக்கும் நேரடியாகச் சேர வேண்டும். மதகை எப்போது திறப்பது என்பதில் வனத்துறையும் விவசாயிகளும் பருவத்தின் தொடக்கத்திலேயே கூடிப் பேசி முடிவெடுக்க வேண்டும்.

இனி நம் பக்கம். குஞ்சுகள் கூட்டில் இருக்கும் தை மாதத்தில்தான் காணும் பொங்கல் கூட்டமும் வருகிறது. பறவைகள் ஒன்றாக எழும்பும் காட்சிக்காகக் கை தட்டுவதும் விசிலடிப்பதும் கரையில் கண்கூடாக நடப்பவை. பெற்றோர் எழும்பிய சில நிமிடங்களில் காகம் முட்டையைக் கொத்திவிடும் என்பதைப் பலர் அறிவதில்லை. வண்டிகளைக் கரைக்கு வெகு முன்பே நிறுத்தச் செய்யலாம். விடுமுறை நாட்களில் நேரம் குறித்த நுழைவுச் சீட்டு தரலாம். ஊர் இளைஞர்களுக்குப் பயிற்சி தந்து, பைனாகுலருடன் வழிகாட்டிகளாகக் கரையில் நிறுத்தலாம். மழை பொய்த்து ஏரி நிரம்பாத ஆண்டில் பருவத்தைச் சுருக்கிக்கொள்ளவும், தேவைப்பட்டால் திறக்காமலே விடவும் வனத்துறைக்குத் துணிவு வேண்டும். அப்படி முடிவெடுத்தால் அதை நாம் குறை சொல்லாமல் ஏற்க வேண்டும்.