ஒன்பதுக்கு ஒன்பது ஜெயித்த அணி

அமெரிக்கக் கால்பந்து என்றாலே நம்மில் பாதிப் பேர் அடுத்த பதிவுக்குத் தாவிவிடுவார்கள் என்று தெரியும். பேரில்தான் கால் இருக்கிறது, ஆட்டம் என்னவோ முட்டை வடிவப் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுவது. பரவாயில்லை, இந்தக் கதைக்கு விதிகள் தெரியவேண்டாம்.

1951-இல் சான் ஃபிரான்சிஸ்கோ பல்கலைக்கழக அணி ஒன்பது ஆட்டம் ஆடியது. ஒன்பதிலும் ஜெயித்தது. அணியின் பெயர் டான்ஸ். (நடனம் இல்லை, ஸ்பானிய மரியாதைப் பட்டமான ‘டான்’ என்பதன் பன்மை.) இயேசு சபைக்காரர்கள் நடத்துகிற சின்னக் கல்லூரி, கையில் காசு கிடையாது. பயிற்சியாளர் ஜோ குஹாரிச்.

அணியின் நட்சத்திரம் ஆலி மேட்சன். அந்த ஒரு சீசனில் பந்தோடு 1,566 கஜம் ஓடி, 21 டச் டவுன் (பந்தை எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டிக் கொண்டுபோவது) அடித்தார். நாட்டிலேயே அந்த வருடம் அவ்வளவு ஓடியவர் யாரும் இல்லை. கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட ஒன்றரை கிலோமீட்டர். அதுவும் காலி மைதானத்தில் ஓடிய ஓட்டம் இல்லை, ஒவ்வொரு அடிக்கும் நாலு தடியன்கள் மேலே வந்து விழுவார்கள். மறு வருடம் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கிலும் ஓடி, 400 மீட்டரில் வெண்கலமும் தொடர் ஓட்டத்தில் வெள்ளியும் வாங்கினார். அவரோடு இன்னொருவர், பர்ல் டோலர். எதிரணியைத் தடுத்து வீழ்த்துகிற வேலை அவருக்கு. அணியில் இருந்த கறுப்பினத்தவர் இந்த இரண்டே பேர்தான்.

அப்போதெல்லாம் சீசன் முடிந்ததும் பெரிய அணிகளைப் புத்தாண்டையொட்டி ‘பவுல்’ ஆட்டங்களுக்கு அழைப்பார்கள். யாரை அழைப்பது என்பதை அந்தந்த ஊர்க் கமிட்டி முடிவு செய்யும். பேரும் பணமும் அங்கேதான். ஆரஞ்சு பவுல் மயாமியில், சுகர் பவுல் நியூ ஆர்லியன்ஸில், கேட்டர் பவுல் ஜாக்சன்வில்லில். மூன்றுமே இன ஒதுக்கல் சட்டம் கோலோச்சிய தென்மாநில ஊர்கள்.

அந்த இரண்டு பேரையும் விட்டுவிட்டு வந்தால் அழைப்பு உண்டு என்று தங்களிடம் சொல்லப்பட்டதாக வீரர்கள் பிற்காலத்தில் சொன்னார்கள். ஓட்டெடுப்பு, விவாதம் எதுவும் தேவைப்படவில்லையாம். அவர்கள் இல்லாமல் நாங்கள் வரமாட்டோம், அவ்வளவுதான். அணியில் இருந்த ஜீனோ மார்கெட்டி இரண்டாம் உலகப் போரில் துப்பாக்கி ஏந்தி ஜெர்மனி வரை போய் வந்தவர். அப்படிப்பட்டவர்களிடம் மிரட்டல் எடுபடாது.

இந்த இடத்தில் எல்லோரும் கைதட்டிவிட்டுக் கதையை முடித்துவிடுகிறார்கள். எனக்கு அங்கேதான் உறுத்துகிறது. மறுத்தவர்களின் பெருமையைப் பேசிப் பேசி, கதவைச் சாத்தியவர்களை மறந்தே போனோம். அந்தக் கமிட்டிக்காரர்கள் யார், என்ன நினைத்தார்கள், பிறகு வெட்கப்பட்டார்களா? கதையில் அவர்களுக்கு முகமே இல்லை.

அப்புறம் அந்தச் சமாதானம் இருக்கிறதே, அதுதான் எரிச்சல். டான்ஸ் ஆடியது சொத்தை அணிகளோடு, அதனால்தான் கூப்பிடவில்லை என்று. பாதி உண்மை, அதனால்தான் ஆபத்து. ராணுவ முகாம் அணிகளோடெல்லாம் ஆடினார்கள்தான். சரி, யாரைக் கூப்பிட்டார்கள் என்று பார்ப்போமா? ஆரஞ்சு பவுலுக்கு வந்த பேலர் ஏற்கெனவே ஒரு ஆட்டம் தோற்றிருந்தது. கேட்டர் பவுலில் ஆடிய கிளெம்சன் இரண்டு தோல்வி, மயாமி பல்கலைக்கழக அணி மூன்று தோல்வி. தோற்றவனுக்கு இலை போட்டு, தோற்காதவனிடம் தகுதி பற்றி வகுப்பு எடுத்திருக்கிறார்கள். ஒதுக்குகிறவர்கள் எந்த ஊரிலும் எந்தக் காலத்திலும் ‘உன் நிறம் பிடிக்கவில்லை’ என்று எழுதிக் கொடுக்கமாட்டார்கள். கையில் எப்போதும் வேறொரு காகிதம் வைத்திருப்பார்கள்.

‘காலம் அப்படி’ என்பதும் செல்லாது. நாலு வருடம் முன்பு, 1948 புத்தாண்டில், டெக்சாஸின் டல்லாஸ் நகரில் நடந்த காட்டன் பவுலில் பென் ஸ்டேட் அணி தன் கறுப்பின வீரர்களோடுதான் களமிறங்கியது. வானம் இடிந்து விழவில்லை, ஆட்டம் 13-13 என்று சமனில் முடிந்தது.

இன்னொன்றும் நினைத்துப் பார்க்கிறேன். மேட்சன் பிறந்தது டெக்சாஸில், டோலர் டென்னசியில். தெற்கு என்றால் என்ன என்பது அணியில் வேறு யாரையும்விட அவர்களுக்குத் தெரியும். உங்களால்தான் எங்களுக்கு வாய்ப்புப் போயிற்று என்று மற்றவர்கள் ஒரு வார்த்தை சொல்லாவிட்டாலும், அந்த வருடம் அவர்கள் எப்படித் தூங்கியிருப்பார்கள்?

சீசன் முடிந்த கையோடு, நஷ்டத்தைக் காரணம் காட்டிப் பல்கலைக்கழகம் அந்த அணியையே கலைத்துவிட்டது. ஒரு பவுல் ஆட்டத்துப் பணம் வந்திருந்தால் அணி பிழைத்திருக்குமோ என்னவோ. அணியில் இருந்த மேட்சன், மார்கெட்டி, பாப் செயின்ட் கிளேர் மூவருக்கும் தொழில்முறைக் கால்பந்தின் புகழ் மண்டபத்தில் இடம் கிடைத்தது. ஒரே கல்லூரி அணியிலிருந்து மூன்று பேர்!

டோலருக்கு அந்த அதிர்ஷ்டமும் இல்லை. 1952-இல் ஒரு காட்சி ஆட்டத்தில் முழங்கால் போய்விட, ஆசிரியர் வேலைக்குப் போனார். 1965-இல் தொழில்முறைக் கால்பந்து லீகான என்எஃப்எல் அவரை நடுவராக எடுத்தது. அந்த லீகின் முதல் கறுப்பின நடுவர் அவர்தான். அப்போது லீகின் தலைவர் பீட் ரோசெல். 1951-இல் டான்ஸ் அணியின் செய்தித் தொடர்பு வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த அதே இளைஞர்.

டான்ஸ் கடைசியாக ஆடியது 1951 நவம்பரில், லயோலா பல்கலைக்கழக அணிக்கு எதிராக, பாசடீனாவின் ரோஸ் பவுல் மைதானத்தில். 20-2 என்று ஜெயித்துவிட்டு, வராத அழைப்புக்காகக் காத்திருந்தார்கள். 1980 ஜனவரியில் என்எஃப்எல்லின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுல் அதே மைதானத்தில் நடந்தது. நூறாயிரத்துக்கும் மேற்பட்ட கூட்டம். எல்லைக்கோட்டோரம் நின்று, பந்து எந்த இடத்தில் விழுந்தது என்று காட்டிக்கொண்டிருந்த நடுவர் பர்ல் டோலர்.