பூ மருந்து எல்லாம் ஒன்றல்ல
பூ மருந்துகள் பற்றிய ஒரு கட்டுரை, 'பூவிலிருந்து வருவதால் பக்கவிளைவே கிடையாது' என்று பாக் மலர்ச் சொட்டு மருந்தையும் கெமோமில் (சாமந்தி போன்ற சிறு பூ) தேநீரையும் ஒரே தட்டில் வைப்பது தவறு. 1930களில் ஆங்கில மருத்துவர் எட்வர்ட் பாக் முழுமைப்படுத்திய 38 சொட்டு மருந்துகளில், பூவை நீரில் வெயிலில் வைத்தோ கொதிக்கவிட்டோ எடுத்த சாற்றைப் பிராந்தியில் கலந்து, மேலும் நீர்க்கச் செய்கிறார்கள். பூவின் வேதிப்பொருள் அதில் மிஞ்சுவதே அரிது. ஆய்வுகளிலும் போலி மருந்தைவிட அதிகப் பலன் தெரியவில்லை. மிஞ்சுவது பிராந்தி. குடிப்பழக்கத்தைக் கைவிட டைசல்ஃபிராம் என்ற மருந்தை எடுப்பவர்கள் அதனாலேயே தவிர்க்க வேண்டும். கெமோமில் அப்படியல்ல, அதில் மருந்துச் சத்து உண்டு. ஒரு கோப்பைக் கொதிநீருக்கு 2 தேக்கரண்டி உலர்ந்த பூ போட்டு, 5 முதல் 10 நிமிடம் கட்டாயம் மூடி வையுங்கள். திறந்து வைத்தால் வாசனை எண்ணெய் ஆவியோடு போய்விடும், மிச்சம் மஞ்சள் தண்ணீர்தான். சாமந்திக் குடும்பப் பூக்கள் ஒவ்வாதவர்களுக்கு இதுவும் ஒவ்வாமல் போகலாம். வார்ஃபரின் (இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம், இரத்தக்கசிவு கூடும். அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் லாவெண்டர் எண்ணெயைத் தண்ணீரில் சொட்டிக் குடிக்கச் சொல்லியிருக்கிறார். தயவுசெய்து வேண்டாம்: எண்ணெய் நீரில் கரையாது, செறிவு குறையாமல் மிதந்து வாயையும் தொண்டையையும் எரிக்கும்.