அப்பா பாரமில்ல, அவர்தான் என் கண்ணு
வயசானவங்கள நாடு விட்டு நாடு கார்ல கூட்டிட்டுப் போனா பாரம்தான்னு ஒரு கட்டுரைல எழுதியிருக்கறத என்னால ஏத்துக்கவே முடியல. நான் 71 வயசு அப்பாவோட கோலாலம்பூர்லேர்ந்து புக்கிட் காயு ஹீத்தாம் பார்டர் தாண்டி தாய்லாந்து முழுக்க ஓட்டி நோங்காய் பாலம் வழியா லாவோஸ் போனேன், மேகாங் ஆத்த தாண்டினதும் ரோட்டுல வலது பக்கம் ஓட்டணும், நம்ம காருக்கு ஸ்டியரிங்கும் வலது பக்கமே, அதனால முன்னாடி போற லாரிய முந்தணும்னா எதிர்ல என்ன வருதுன்னு எனக்குத் தெரியவே தெரியாது, இடது சீட்ல இருந்த அப்பாதான் எட்டிப் பாத்து 'இருடா, பஸ் வருது... ஆங், இப்ப போ'ன்னு லாவோஸ் தலைநகர் வியஞ்சான்லேர்ந்து வாங் வியங் ஊர் வரைக்கும் சொல்லிக்கிட்டே வந்தாரு. மூட்டு வலிக்காக அடிக்கடி நிறுத்தி நடக்க வச்சேன், ஒரு நாளைக்கு 350 கிலோமீட்டருக்கு மேல ஓட்டல, அவ்வளவுதான். கார் கிராண்டும், அதாவது காரோட உரிமைப் பத்திரமும், அவர் பேர்லதான், கார் ஓனரே கூட இருந்ததால அனுமதிக் கடிதம் அது இதுன்னு அலையவும் வேண்டியிருக்கல.